கை காட்டாத பஸ்

“அந்தப் பஸ்சும் போயிட்டுது. ஏன் கை காட்டேல்லை?”

“அது வவுனியா பஸ் இல்லையடி...”

“வவுனியா பஸ்தான் எண்டு இந்தப் பிள்ளை சொல்லுது. முந்தினதையும் இப்பிடித்தான் விட்டனியள்.”

“சனம் தொங்கிக்கொண்டு போச்சு. உன்னையும் தொங்கவிடச் சொல்லுறியோ?”

துணுக்காய்ச் சந்தியில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பையை மடியில் வைத்தபடி இராசேஸ்வரி மூச்சுவிட்டாள். அவளுடைய இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து வருசக்கணக்காகிவிட்டது. பக்கத்தில் இருக்கும் சிற்றம்பலமே அவளுக்குப் புகைக்குள் இருக்கும் உருவம்தான். இன்று வவுனியா ஆஸ்பத்திரியில் முதல் கண்ணுக்குச் சத்திரசிகிச்சை. நேரத்துக்குப் போகாவிட்டால் இனி எப்போது கூப்பிடுவார்களோ தெரியாது.

“போனமுறை மழை எண்டனியள். அதுக்கு முந்தி வயலில அருவி வெட்டு எண்டனியள். நான் குருடியாவே குசினிக்குள்ள தடவிக்கொண்டு கிடந்தா உங்களுக்குக் காணும்.”

“விசர்க்கதை கதையாதை. உன்ரது வெறும் வெள்ளை. அதை எடுத்துப்போட்டு வில்லை வைச்சா பார்வை வந்திடும். கண்ணுக்குள்ள அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போனாத்தான் ஒரு டொக்டராலையும் ஒண்டும் செய்யேலாது. போனது போனதுதான்.”

“இதெல்லாம் ஆர் உங்களுக்குப் படிப்பிச்சது?”

“ஆஸ்பத்திரி வாங்கிலில இருந்தா நாலு கதை காதில விழும்தானே.”

“கதை கேக்கிறதில குறைச்சல் இல்லை. ஒரு கை தூக்கத்தான் பஞ்சி.”

அடுத்த பஸ்சைப் பக்கத்தில் நின்ற அந்தப் பிள்ளைதான் கை காட்டி மறித்தாள். ஏறும்போது சிற்றம்பலம் மனைவியின் கையை இறுக்கிப் பிடித்தார். வவுனியாவில் இறங்கியும் விடவில்லை.

“கையை விடுங்கோ, வேர்க்குது. புதுசாக் கலியாணம் கட்டின ஆக்கள் மாதிரி.”

“விட்டா விழுந்திடுவாய்.”

“விழுந்தா எழும்பத் தெரியும். இப்ப எந்தப் பக்கம்?”

“உங்கை நிக்கிறவையைக் கேள். எனக்குக் களைப்பாயிருக்கு.”

வழி முழுக்க அவள்தான் ஆட்களைக் கேட்டாள். சலித்தபடியே கேட்டாள்.

மறுநாள் காலை தாதி கட்டைப் பிரித்தாள்.

“மெல்லத் திறவுங்கோ அம்மா. என்ன தெரியுது?”

காற்றாடித் தகட்டில் படிந்திருந்த தூசி தெரிந்தது. தாதியின் நெற்றிப்பொட்டு தெரிந்தது. இராசேஸ்வரிக்கு அழுகை வந்தது. அழக்கூடாது என்று சொல்லியிருந்ததால் அடக்கிக்கொண்டாள்.

இரவு முழுக்க வெளி வாங்கிலில் கிடந்த சிற்றம்பலம் வாசலில் நின்றார். எவ்வளவு மெலிந்துபோனார் மனிதர். சட்டைப் பொத்தான்கள் ஒன்று மாறிப் பூட்டியிருந்தன. ஒரு கன்னத்தில் மட்டும் நரைத்த தாடி மழிபடாமல் நின்றது.

அவள் சிரித்தாள். கையை உயர்த்திக் காட்டினாள்.

அவர் சிரிக்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு நாலடி வந்து, பக்கத்தில் வெறுமையாய்க் கிடந்த கட்டிலைப் பார்த்து, “இராசேஸ், தெரியுதோ?” என்றார்.

உயர்த்திய கை மெல்லக் கீழே இறங்கியது.

“இஞ்சேருங்கோ, நேற்று அவ்வளவு தூரமும் ஆர் ஆரைக் கூட்டிக்கொண்டு வந்தது?”