எண்ணெய் தேய்க்காத குளியல்

குற்றாலநாதர் கோயில் வாசலில் தங்கசாமி மாலைகளோடு நின்றான். வீட்டுக்குத் தெரியாமல் தென்காசியிலிருந்து வில்வண்டியில் வந்த கல்யாணம்.

“ரெண்டு மாலையும் ஒரு மஞ்சக்கயிறும் போதும்னுதானே பேசினோம்? இன்னும் யாருக்காகக் காத்து நிக்கே?”

“கொஞ்சம் பொறுங்க. அம்மாகிட்ட மட்டும் சொல்லிட்டு வந்தேன். எப்படியும் அப்பாவை அனுப்பிருவா” என்றாள் முத்துவடிவு.

“வேத்து சாதிக்காரன் தலையில உங்க அப்பா வந்து அட்சதை போடுவாராக்கும்!”

அவன் சொல்லி வாய் மூடவில்லை, பேரருவிப் பக்கம் தில்லைநாயகம் பிள்ளை வந்துகொண்டிருந்தார்.

“பாத்தியளா! எங்க அப்பா!”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. உச்சந்தலையில் எண்ணெய் வைக்காமல் ஒருநாளும் அருவியில் நிற்காத மனுஷர். மகளின் முகூர்த்தம் தப்பிவிடக் கூடாதென்றுதானே, உடுத்திய வேட்டியோடு அப்படியே போய்த் தலையைக் கொடுக்கிறார்!

ஈரம் சொட்டச் சொட்டக் கரையேறியவரிடம் ஓடினாள். “அப்பா...”

அவர் அவளைத் தாண்டிப் போய், கரையில் திதி செய்து வைக்கும் ஐயர் முன்னால் உட்கார்ந்தார்.

எள்ளை எடுத்துக்கொண்டே ஐயர் கேட்டார்: “காலமானது யாரு, பிள்ளைவாள்?”

“என் மக” என்றார் பிள்ளை. “பேரு முத்துவடிவு.”