சூடான கண்ணாடி

சரியாகத்தான் நினைவிருக்கிறதா, தெரியவில்லை. அறுபத்தெட்டாம் வருட மழைக்காலமாக இருக்கலாம். அந்தமானில், மாயாபந்தர் படகின் சுக்கான் அறையில், உடைத்துப் பிரித்த பழைய கப்பலொன்றின் கண்ணாடியைப் பொருத்தியிருந்தோம்.

“வெள்ளீய ஆக்சைடு பூச்சுண்ணே. உப்பு மாதிரி துளி ஆன்டிமனி கலந்திருக்கு, அதான் கரண்ட் பாயுது. சூட்டுல பனியே படியாது,” என்றான் மெக்கானிக் சண்முகம்.

கடலில் போகும்போது கண்ணாடி கையைச் சுட்டது. ஆனாலும் நடுவில், மூச்சுப் பட்டதுபோல், உள்ளங்கையளவு பனி படர்ந்து மறைந்து மீண்டும் படர்ந்தது. உள்ளே துடைத்தும் போகவில்லை.

“வெளிய எவனோ ஊதுறான்,” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார் ஓட்டுநர் கஸ்பார் அண்ணன். “முன்னாடி பாறை தெரியலேன்னா எல்லாரும் கத்தம், செத்தோம். சுக்கானப் பிடிடா!”

துணியோடு வெளியே போனார். அவர் கை ஒருமுறை கண்ணாடியைத் துடைத்தது. பாறை தெரிந்தது, படகைத் திருப்பினேன். பிறகு பனி இரண்டு இடங்களில், பக்கம் பக்கமாக, படர்ந்து மறைந்தது.

எவ்வளவு தேடியும் கஸ்பார் அண்ணன் கிடைக்கவில்லை. சண்முகம் மெயின்லேண்டுக்கே போய்விட்டான். அன்று முதல் அந்தப் படகை நான்தான் ஓட்டுகிறேன்.