நாரடைத்த சுவர்

சிங்கப்பூரிலிருந்து டேப் ரெக்கார்டர் வந்ததும், பாட்டுப் பதிவுசெய்யத் தொண்டி வீட்டில் ஓர் அறையை ஒதுக்கினார் வாவு முகம்மது. கடலிரைச்சல் நுழையாமலிருக்க இரட்டைச் சுவர். நடுவே ஒரு சாண் இடைவெளி, அது முழுக்கத் தேங்காய் நார். கொத்தனார் ராக்கப்பன் போன மாதமே உச்சியை மூடிவிட்டார்.

இன்று தட்டிப் பார்த்தால் காலிப் பெட்டிபோலச் சத்தம் வந்தது. நார் அடைக்காமல் ஏமாற்றிவிட்டான் என்று வாவு முகம்மதுக்குச் சந்தேகம்.

"ஒரு கல்ல உருவு, பாப்போம்."

"எட்டு மூட நாரு, நாந்தானே திணிச்சேன் மொதலாளி" என்றபடியே உருவினார் ராக்கப்பன்.

உள்ளே நார் இல்லை. இரண்டு சுவர்களின் உட்புறமும் மழமழவென்று பூசியிருந்தது.

"உள்பக்கம் எதுக்குப்பா பூசுன?"

"ஒரு சாண் சந்துக்குள்ள ஆளு எப்படி மொதலாளி நிக்கிறது?"

வாவு முகம்மது கையை விட்டுத் தொட்டுப் பார்த்தார். பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது.