ஒன்பது துண்டுகள்

“உட்கார்றவனுக்குத்தான்டா சீட்டு, துண்டுக்கு...” என்று ரிட்டயர் ஆகிப்போன பழைய சர்வர் கம்ப்யூட்டர் ஏதோ சொல்லும். மீதி துருவனுக்கு மறந்துவிட்டது.

துருவன் ஒரு ஸ்கிரிப்ட், கம்ப்யூட்டருக்குள் ஓடும் சின்ன புரோகிராம். ஆஸ்பத்திரி டேட்டாபேஸோடு இணைந்து, நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி, மதியத்துக்குள் அறிக்கை கொடுப்பது அவன் வேலை. முந்தின நாள் பாதியில் இணைப்பு அறுந்து, அறிக்கை தாமதமாகி, “இன்னொரு தடவை இப்படி ஆனால் புது ஸ்கிரிப்ட்தான்” என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அதனால் இன்று டேட்டாபேஸ் அக்காவிடம் இருந்த பத்து இணைப்புகளிலும், பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற மாதிரி, இடம் பிடித்துவிட்டான். ஒன்றில் வேலை, மற்றதெல்லாம் கைகாவலுக்கு.

ரத்த வங்கி ஸ்கிரிப்ட் செவ்வந்தி மூச்சிரைக்க வந்தாள்.

“அண்ணே, கொஞ்சம் இடம் விடுங்க. ஆபரேஷன் டேபிள்ல ஒருத்தர் படுத்திருக்கார். நோயாளி பட்டியலையும் கொடையாளர் பட்டியலையும் சேர்த்துப் பார்த்தாத்தான் அவருக்கு ரத்தம் கிடைக்கும்.”

“எல்லா இடத்துலயும் ஆள் இருக்கும்மா.”

“ஆளா? என் கண்ணுக்குத் துண்டுதான் தெரியுது!”

துருவன் அக்காவைப் பார்த்தான். “என் இணைப்பு மறுபடி அறுந்துட்டா?”

“நீயும் வரிசையில நிக்க வேண்டியதுதான் தம்பி,” என்றாள் அக்கா. “இடம் பிடிச்சவனை நானா எழுப்ப மாட்டேன். நீயா எடுத்தாத்தான் உண்டு.”

செவ்வந்தி கேட்டது ஒரே ஓர் இடம். துருவன் ஒன்பது துண்டுகளையும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.