பூட்டிய நிலையத்திலிருந்து ஒரு வாசகர்

எதிர்வீட்டுக்காரிக்குத் துருவ ஆய்வுக் காப்பகத்தில் வேலை. பழைய வெப்பநிலைப் பதிவுகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் திறந்துவைத்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் ஒருவராவது எடுக்காவிட்டால் காப்பகத்துக்குப் பூட்டு.

"உன் ஐஸ்கட்டிக் கணக்கை எவன் பாக்கப்போறான்?" என்று வாரினார் புருஷன்.

வெள்ளி காலை ஒருவர் அத்தனையையும் எடுத்திருந்தார். எங்கிருந்து என்று பார்த்தாள். பதிவுகள் எழுதப்பட்ட அதே துருவ நிலையம். அங்கிருந்த ஆட்களையெல்லாம் ஊருக்குத் திருப்பி அழைத்துக்கொண்டு அதைப் பூட்டிவிட்டார்கள்; பனிக்குள் புதைந்தே பல வருஷமாகிறது. 'நன்றி. எங்க பிரதி நனைஞ்சுபோச்சு' என்று குறிப்பு வேறு.

"பாத்தீங்களா, ஆள் வந்தாச்சு," என்றாள், முகமெல்லாம் பல்லாக.

"யாராம்?"

"யாரா இருந்தா என்ன? எல்லாருக்கும்தானே திறந்து வச்சிருக்கு."

காப்பகம் பிழைத்தது. மறுநாள் அங்கிருந்து புதுப் பதிவு ஒன்று வந்தது. அதையும் சிரத்தையாகச் சேர்த்துவைத்தாள்: வெளியே உறைபனி, அறைக்குள் இதமான சூடு.