பன்னிரண்டு பெல்ட்

"கத்தரியைக் கீழே வைம்மா. வெட்டிட்டா அப்புறம் ஒட்ட முடியாது."

தையல்காரர் மிஷினை விட்டு எழாமலேயே குரல் கொடுத்தார். சோதனை மேஜையில் இருந்தவள் காதில் வாங்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த எட்டாம் நாளே அவளுக்குக் 'கறார்' என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது. இந்த எட்டு மாதத்தில் அந்தப் பெயருக்கு அவள் ஒரு குறையும் வைத்ததில்லை.

உயரமான கட்டிடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் இடுப்பில் மாட்டிக்கொண்டு தொங்கும் பெல்ட்டைத் தைக்கிற சின்னப் பட்டறை அது. நான்கு மேஜை, நான்கு பேர். ஒவ்வொரு மேஜைக்கு மேலும் ஓர் அட்டை தொங்கியது. வெட்டுபவர், தைப்பவர், சோதிப்பவர், அனுப்புபவர். ஒவ்வொரு அட்டையின் அடியிலும் ஒரே வரி: 'இந்த மேஜையில் முடிவு இவருடையது.'

"மணி மூணரை ஆச்சு," என்றார் வாசலில் நின்ற பெயின்டிங் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி. இதுவரை அனுப்புபவரிடம் போனில் பேசியதோடு சரி, இன்றைக்குத்தான் நேரில் வந்திருந்தார். "அறுபது பெல்ட் கேட்டிருந்தோம். என்ன தகராறு?"

"நாற்பத்தெட்டு கட்டியாச்சு சார்," என்றார் அனுப்புபவர், பெட்டியைக் கயிற்றால் இறுக்கிக்கொண்டே. "மீதி பன்னிரண்டு அங்க நிக்குது."

கறார் ஒரு பெல்ட்டை எடுத்துக் கொக்கி மாட்டும் இடத்தைக் கட்டைவிரலால் நெம்பிக் காட்டினாள். "மூணாவது வரிசையில நூல் தொய்வா இருக்கு. இது போகாது."

"தொய்வாம், தொய்வு." தையல்காரருக்கு மூக்கு விடைத்தது. "இருபது வருஷமா தைக்கிறேன். நீ வந்து எட்டு மாசம்தான் ஆச்சு. என் தையலை நீ சொல்லணுமா?"

"இருபது வருஷத்தை நான் சொல்லலை. இந்த மூணாவது வரிசையைத்தான் சொல்றேன்."

"கொஞ்சம் பார்த்துப் போம்மா. இவ்வளவு பெரிய ஆர்டர் இந்தப் பட்டறைக்கு இதுவரைக்கும் வந்ததில்ல. இது கைவிட்டுப் போச்சுன்னா நாலு பேரும் நாளைக்கு எங்க போறது?" என்றார் வெட்டுபவர்.

அது அவளுக்கும் தெரியாமலில்லை. வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். இதே வாயால் ஏற்கெனவே மூன்று இடங்களில் வேலை போயிருந்தது. ஆனாலும் கத்தரி கையை விட்டு இறங்கவில்லை.

அதிகாரி சிரித்தபடி உள்ளே வந்தார். "பாருங்க, தைச்சவரே நல்லா இருக்குன்னு சொல்றார். நாளைக்குக் காலைல பன்னிரண்டு பேர் பெல்ட் இல்லாம சும்மா உட்கார முடியுமா? ஒரு கையெழுத்து. போட்டுட்டுப் போங்க."

"போடறேன் சார்." அவள் கூரையைக் காட்டினாள். எடையைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பதற்கான இரும்புக் கொக்கி அங்கே இருந்தது. "இந்தப் பன்னிரண்டுல உங்களுக்குப் பிடிச்ச ஒண்ணை மாட்டிக்கிட்டு அதுல அஞ்சு நிமிஷம் தொங்குங்க. பன்னிரண்டுக்கும் கையெழுத்துப் போடறேன்."

அதிகாரி கொக்கியைப் பார்த்தார். தன் தொப்பையையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"வாய் ரொம்ப நீளுது. உங்க முதலாளி எங்கே?"

"வேலையா இருக்கார் சார்," என்றார் அனுப்புபவர், கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"முதலாளின்னு ஒரு அட்டைகூட காணோமே. அதான் ஆளாளுக்கு நாட்டாமை பண்றீங்க."

"முதலாளியே வந்து கேட்டாலும் எங்கிட்ட இதே பதில்தான்," என்றாள் கறார். அதிகாரி சொன்னதற்குத் தையல்காரரைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

சொல்லிவிட்டு முதல் பெல்ட்டைக் குறுக்கே வெட்டினாள். தேறாததை யாரும் அப்புறம் பெட்டிக்குள் நுழைத்துவிடக் கூடாது என்பதற்காக வெட்டிப் போடுவதுதான் அங்கே வழக்கம். தையல்காரர் தன் விரலே நறுக்கப்பட்டதுபோல் முகத்தைச் சுளித்தார். இரண்டு. மூன்று. தடித்த பட்டை என்பதால் கத்தரி சுலபமாக இறங்கவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். பன்னிரண்டாவதையும் வெட்டித் தொட்டியில் போட்ட பிறகுதான் நிமிர்ந்தாள்.

வெட்டுபவர் தன் மேஜையில் அளவுகோலைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

அதிகாரியின் முகம் கறுத்துவிட்டது. "நல்லாக் கேட்டுக்குங்க எல்லாரும். இந்தம்மா இந்த நாற்காலியில இருக்கிற வரைக்கும் எங்க கம்பெனி ஆர்டர் ஒண்ணுகூட இந்த வாசலுக்கு வராது. இவங்களை இப்பவே வெளியே அனுப்பினா, மீதி பன்னிரண்டைப் புதுசா தைச்சுக் குடுங்க, நாளைக்கு வாங்கிக்கறேன். இதை உங்க முதலாளிகிட்ட அப்படியே சொல்லிடுங்க."

கறார் குனிந்து மேஜைக்கு அடியில் இருந்த தன் பையை எடுத்தாள். நான்காவது முறை. சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் வைக்கும்போதும் அவள் முகத்தில் மன்னிப்புக் கேட்கிற களை துளியும் இல்லை.

தையல் மிஷின் நின்றது. தையல்காரர் எழுந்து வந்து அவள் கையிலிருந்து பையை வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்தார். பிறகு, கட்டி முடித்த நாற்பத்தெட்டு பெல்ட்டின் பெட்டியை அதிகாரி பக்கமாகக் காலால் தள்ளினார்.

"யாரும் போய்ச் சொல்ல வேண்டாம் சார், நான்தான் முதலாளி, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றார். "நான் தைச்ச தையல்ல இருக்கிற தப்பு என் கண்ணுக்கு ஜென்மத்துக்கும் படாது. அதனாலதான், முடியாதுன்னு சொன்னதுக்காக மூணு இடத்துல துரத்திவிட்ட ஆளாப் பார்த்து, நானே வீடு தேடிப் போய்க் கூட்டிட்டு வந்தேன்."