பெயர்த்தகட்டின் அடியில்

கடைசி ஆணியின் தலையையும் சீவி எடுத்தாள்.

பித்தளைப் பெயர்த்தகடு கையோடு வந்தது. வளையவில்லை.

அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு நீலம். வெயில் படாதது, எண்ணெய் படாதது. டிராக்டர் பிறந்தபோது தொழிற்சாலையில் பூசியது.

அதைச் சுற்றி, பானெட் முழுக்க, அண்ணனின் நீலம்.

அவளும் டிராக்டரின் சொந்தக்காரர் நாச்சிமுத்துவும் வண்டியைப் பட்டறைக்கு வெளியே தள்ளினார்கள். குழல்விளக்கை நம்பி நிறம் பார்க்கக் கூடாது.

வெயிலில் வித்தியாசம் கூடியது.

அண்ணனுடையதில் பச்சை ஏறியிருந்தது.

கருவிப்பெட்டி மூடியின் உட்புறத்தைப் பார்த்து அவன் கலந்தது. அங்கே பல காலத்து கிரீஸ் ஊறி நீலம் திரிந்திருந்தது. தகட்டைக் கழற்றிப் பார்க்கலாமா என்று அப்போதே கேட்டான். வளைந்துவிடும் என்று அன்று நாச்சிமுத்துதான் விடவில்லை.

பானெட்டை அடித்து முடித்தான். மட்கார்டுகள் பாக்கி.

அதற்குள் இறந்துபோனான்.

பானெட்டில் ஒழுகல் இல்லை. ஒரு தூசி ஒட்டியிருக்கவில்லை. அவன் அடித்ததில் கடைசி அதுதான்.

நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"கலரு தப்புன்னா பழைய வண்டிக் கண்காட்சில சிரிச்சுப்போடுவானுங்க அம்மிணி. பூராத்தையும் மறுக்கா அடிச்சுருங்க."

கொஞ்சம் கழித்து, "உங்க அண்ணன் அடிச்சதுதான். எனக்கும் தெரியுதுங்க" என்றார்.

அவள் தலையாட்டினாள்.

தொழிற்சாலை நீலத்தின் மேல் டேப் ஒட்டினாள். மாதிரிக்கு அது வேண்டும்.

பிறகு உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து பானெட்டைத் தேய்த்தாள். தேய்த்த தண்ணீர் பச்சை கலந்த நீலமாக வழிந்து, சிமெண்ட் தரையில் ஓடி, சாக்கடைக்குப் போனது.

பார்த்துக்கொண்டிருந்தாள். தாள் மழுங்கியது. வேறு எடுத்தாள்.

புது நீலத்தில் வெள்ளை ஒரு சொட்டு. கறுப்பு அதைவிடக் குறைவு. அட்டையில் தடவி, காயவிட்டு, டேப்பை விலக்கிப் பக்கத்தில் வைத்தாள். ஈரத்தில் பொருந்திய நீலம் காய்ந்ததும் விலகியது. மறுபடி கலந்தாள். மறுபடி வெயிலுக்குப் போனாள்.

"எங்கூட்டுக்காரியக்கூட நான் இத்தன தடவ உத்துப் பாத்ததில்லீங்க" என்றார் நாச்சிமுத்து.

ஓர் அட்டை பொருந்தியது. அதன் ஓரம் எங்கே என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

அந்த நீலத்தையே பானெட்டுக்கும் மட்கார்டுகளுக்கும் அடித்தாள்.

காய்ந்த பிறகு டேப்பை உரித்தாள். அசலும் புதியதும் ஒன்றாகவே இருந்தன. அண்ணனுடையது எங்கும் இல்லை.

தகட்டைத் துடைத்தாள். புது ஆணிகளை எடுத்து வைத்தாள்.

ஆணியைத் தொடாமல் சற்று நின்றாள்.

பழைய வண்டியின் அசல் நிறத்தைத் தேடுகிற யாரும் முதலில் கழற்றுவது பெயர்த்தகட்டைத்தான். இன்னும் நாற்பது வருடம் கழித்து வருகிறவரும் அதைத்தான் கழற்றுவார்.

அலமாரியின் பின்னாலிருந்து அண்ணன் கலந்த டப்பாவை எடுத்தாள். மேலே ஆடை கட்டியிருந்தது. குச்சியால் கிழித்தாள். அடியில் இன்னும் ஈரம்.

சின்ன பிரஷ்.

தீப்பெட்டி அளவுதான். தொழிற்சாலை நீலம் மறையும்வரை பூசினாள்.

காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு தகட்டை வைத்து ஆணிகளை அறைந்தாள்.

வண்டியை எடுக்க வந்த நாச்சிமுத்து இரண்டு முறை சுற்றி வந்தார். தகட்டின் மேல் விரலை வைத்தார்.

"இதுக்கு அடியில அப்படியே உட்டுட்டீங்களா அம்மிணி?"

அவள் பிரஷ்ஷைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியில் நீலம். கொஞ்சம் பச்சை.

"அங்க அசல் இருக்குதுங்க" என்றாள்.